கொண்டையராஜு நடத்திய முதுநிலை வகுப்பு

தூத்துக்குடியில் சங்குக்குளிக்குச் செல்வோர் நிறைந்த தெரு ஒன்றில் வளர்ந்தவன் நான். என் தாத்தா இளமையில் கடலில் மூழ்கிச் சங்கெடுத்தவர். மூச்சு தளர்ந்த பிறகு கரையில் அமர்ந்து சங்குகளைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். எங்கள் வீட்டு முன்னறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கஜேந்திர மோட்சப் படம் தொங்கியது. ஏதோ ஒரு மளிகைக் கடை கொடுத்த காலண்டரில் தேதித் தாள்கள் தீர்ந்ததும் படத்தை மட்டும் வெட்டிச் சட்டமிட்டிருந்தார்கள். தாத்தா காலையில் அதன் முன் நிற்கும்போது, பெருமாளின் முகத்துக்கு முன்பாக அவர் கையிலுள்ள சங்கைத்தான் பார்ப்பார். வரைந்தவர் சங்கை அறிந்தவர் என்பது அவருடைய தீர்ப்பு. படத்தின் அடியில் சிறிய ஆங்கில எழுத்துகளில் ஒரு கையெழுத்து இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஓவியரின் பெயர் அது: சி. கொண்டையராஜு.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேறோர் ஊரில் கவின்கலை முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். பணிக்கூடத்தில் ஓவியம் தீட்டுவதே அந்தப் படிப்பின் மையம். முடிவில் படைப்புகளைக் காட்சிக்கு வைக்க வேண்டும். ஓர் ஆய்வேடு தர வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. என் ஆய்வேட்டில் கொண்டையராஜுவைப் பற்றி ஓர் இயல் எழுதியிருந்தேன். அது வணிக ஓவியம், நுண்கலைத் துறையின் ஆய்வுக்குரியது அன்று என்று எனக்கு அறிவுறுத்தப்பட்டது. நான் வாதாடவில்லை. அந்த இயலை நீக்கினேன், பட்டமும் பெற்றேன். இப்போது நானே ஓவியம் கற்பிக்கும் இடத்தில் இருக்கிறேன். அன்று நீக்கியது தவறு என்பது ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்பட்டு வருகிறது. பணிக்கூடக் கல்வி என்றால் என்ன என்பதற்குத் தென்தமிழ்நாடு தந்த மிக விரிவான விடையை நான் அன்று கிழித்துப் போட்டிருக்கிறேன்.

பள்ளியும் படுதாவும்

கொண்டையராஜு 1898 நவம்பர் 7 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். இளமையில் சென்னைக் கலை, கைத்தொழில் பள்ளியில் ஓவியம் பயின்றார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. கைவினைஞர்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் தேவையான வரைகலையைக் கற்பிப்பது அதன் தொடக்ககால நோக்கம். உடலின் அளவுகள், ஒளியும் நிழலும் பொருளுக்குத் திரட்சி தரும் விதம், அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரியும் ஒழுங்கு ஆகியவை ஐரோப்பியக் கலைக்கல்வியின் அடிப்படைப் பாடங்கள். கொண்டையராஜுவின் எந்தக் கடவுள் படத்தை எடுத்துக்கொண்டாலும் இந்தப் பாடங்களின் தடத்தைக் காணலாம். மயிலின் கழுத்தில் விழும் ஒளியும், மண்டபத் தூண்கள் உள்வாங்கிச் செல்லும் முறையும் பள்ளியில் பயின்ற கையின் அடையாளங்கள்.

அவருக்கு முன்பே ரவி வர்மா இந்தக் கதவைத் திறந்திருந்தார். 1894-இல் பம்பாய்ப் பகுதியில் ரவி வர்மா தொடங்கிய அச்சகம், அரண்மனைச் சுவருக்கு உரியதாக இருந்த எண்ணெய் வண்ண ஓவியத்தை எளியோர் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தது. 1906-இல் அவர் மறைந்த பிறகும் அந்த அச்சுப் படங்கள் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தன. கொண்டையராஜுவின் தலைமுறை அவற்றைப் பார்த்தே வளர்ந்தது.

படிப்புக்குப் பின் அவருடைய வாழ்க்கை நேர்கோட்டில் செல்லவில்லை. துறவு நாட்டம் அவரைத் திருவண்ணாமலைக்கு இழுத்தது. அங்கே ரமணரின் ஆசிரமத்தில் சிறிது காலம் இருந்தார். காவி கட்டிய துறவியாக அவர் நிலைத்துவிடவில்லை. ஆனால், கடைசிவரை மணம் செய்துகொள்ளாமல், உடைமை சேர்ப்பதில் பற்றில்லாமல் வாழ்ந்தார்.

பிறகு நாடகக் குழுவில் காட்சித் திரை தீட்டுபவராகச் சேர்ந்தார். தமிழ் நாடகத்தில் அது பாலர் நாடகக் குழுக்களின் காலம். அந்தக் குழுக்களுக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையான சங்கரதாஸ் சுவாமிகள், 1867-இல் தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். குழுவுடன் ஊர் ஊராகச் செல்லும் ஓவியருக்கு அரண்மனை, காடு, தெரு, நந்தவனம் என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படுதா தீட்டுவது வேலை. படுதா என்பது ஆளுயரத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய துணி. பின்வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் அது அரண்மனை என்று திரை விழுந்த கணத்திலேயே விளங்க வேண்டும். நுணுக்கம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைப் பார்வையாளர்தான் அங்கே கற்றுக்கொடுக்கிறார். என் கணிப்பில், சென்னைப் பள்ளி அவருக்கு இளநிலைப் படிப்பு. நாடகக் கொட்டகைதான் முதுநிலைப் படிப்பு.

கலைந்த குழுவும் நிலைத்த கூடமும்

1931-இல் தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கியபின் நாடகக் குழுக்களின் கூட்டம் குறையத் தொடங்கியது. கொண்டையராஜு இருந்த குழு 1942-இல் கோவில்பட்டியில் முகாமிட்டிருந்தபோது கலைந்தது. நடிகர்கள் வேறு வேலை தேடிப் பிரிந்தார்கள். நாற்பது வயதைக் கடந்திருந்த அவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டி, 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. உள்ளே, கரிசல் மண்ணும் பருத்தியும் தீப்பெட்டித் தொழிலுமாக இருந்த ஊர் அது.

விபத்தாக அமைந்த இந்தத் தங்கல் தமிழ்நாட்டுச் சுவர்களின் தோற்றத்தையே மாற்றியது. பக்கத்து ஊரான சிவகாசியில், தீப்பெட்டிகளுக்கும் பட்டாசுகளுக்கும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் வேர்விட்டிருந்தது. அச்சகங்கள் பெருகப் பெருக, அவற்றுக்குப் படங்கள் தேவைப்பட்டன. கையில் தூரிகையுடன் ஓர் ஓவியரும் சில சீடர்களும் சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தார்கள். அச்சகமும் ஓவியரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டது இப்படித்தான்.

கோவில்பட்டியில் உருவான தேவி ஆர்ட் ஸ்டூடியோ அவருடைய பணிக்கூடமாகவும் பள்ளியாகவும் விளங்கியது. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் முதலானோர் அங்கே உருவானவர்கள். சேர்க்கை விண்ணப்பமோ பாடத்திட்டமோ பட்டமோ அங்கே இல்லை. ஆசிரியர் ஒரு படத்தைத் தீட்டுவார். மாணவர் அருகிலிருந்து பார்ப்பார். பின்னணியும் அணிகலன்களும் பழகிய பிறகே முகமும் கையும். ஓவியப் பட்டறைகளில் இன்றும் இந்த வரிசை உண்டு. சிற்பக் கூடத்திலும் நகைப் பட்டறையிலும் காலங்காலமாக இருந்துவரும் வரிசையும் இதுவே.

மாணவர்களில் பலர் ஒளிப்படத் துறையிலும் கால் பதித்து, தென்மாவட்ட ஊர்களில் ஒளிப்பட நிலையங்கள் வைத்தார்கள். கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணமேற்றவும், முகத்தில் கீறல் விழுந்த படத்தைச் சீராக்கவும் ஓவியக் கைதான் வேண்டியிருந்தது. நிலையத்தில் திருமணத் தம்பதியர் நின்ற இடத்துக்குப் பின்னால் தொங்கிய மாடமும் மலர்ச்சோலையும் பழைய நாடகப் படுதாவின் வாரிசுகள். ஒரு கலை அழியும்போது அதன் திறன் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கையெழுத்தில் இரண்டு பெயர்

அந்தக் கூடத்திலிருந்து வந்த படங்களில் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது கையெழுத்து. பல படங்களில் கொண்டையராஜுவின் பெயருடன் சுப்பையாவின் பெயரும் இருக்கும். ஆசிரியர் பெயருக்குள் மாணவரின் உழைப்பு மறைந்துபோவதுதான் உலகெங்கும் பட்டறைகளின் வழக்கம். இங்கே ஆசிரியர் தம் பெயருக்கு அருகில் மாணவரின் பெயருக்கும் இடம் கொடுத்தார். அடுத்த தலைமுறை தன் பெயரிலேயே அச்சகங்களிடம் சென்று நிற்க முடிந்ததற்கு அந்தச் சிறிய இடம் எவ்வளவு உதவியிருக்கும் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் உணர்வார்கள்.

எனது முதுநிலைப் படிப்பில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது தனித்துவம். ஒவ்வொருவரும் தனக்கே உரிய மொழியைக் கண்டடைய வேண்டும். இன்னொருவர் சாயல் தெரிந்தால் குறை. அது தேவையான பயிற்சிதான். ஆனால், இருவர் சேர்ந்து ஒரு படத்தைத் தீட்டுவது எப்படி, ஒருவர் தொடங்கியதை மற்றவர் கெடுக்காமல் முடிப்பது எப்படி என்பதை எவரும் கற்பிக்கவில்லை. படிப்பு முடிந்ததும் நாங்கள் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திசைகளில் போனோம். இன்று தூரிகை பிடிப்பவர்கள் மூவர் மட்டுமே.

அச்சுக்குத் தீட்டுவது எளிய வேலையும் அன்று. மூலப் படத்தில் உள்ள ஒவ்வொரு நிறமும் அச்சில் பிரிக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மீண்டும் ஒன்றாக வேண்டும். தாளில் எந்த நிறம் மங்கும், எது கலங்கும் என்பதைத் தீட்டும்போதே ஓவியர் கணக்கிட வேண்டும். அடியில் கடையின் பெயருக்கும் தேதிக் கட்டுக்கும் இடம் விட வேண்டும். அச்சகத்தின் படத்தொகுப்பைப் புரட்டும் ஒரு வணிகர் சில நொடிகளில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகு அந்தப் படம் ஒரு வீட்டில் 365 நாள்கள் தொங்க வேண்டும். பார்த்துப் பார்த்துச் சலிக்கவும் கூடாது. காட்சிக்கூடத்தில் ஒருவர் ஓர் ஓவியத்தின் முன் ஒரு நிமிடம் நின்றாலே நாங்கள் மகிழ்வோம்.

மீனாட்சி திருக்கல்யாணம், வள்ளி தெய்வானையுடன் முருகன், கஜேந்திர மோட்சம் என்று அவருடைய படங்கள் பூசையறைகளுக்கும் கடைகளுக்கும் சென்றன. 1976 ஜூலை 27 அன்று கொண்டையராஜு மறைந்தார். தமிழர் பலர் கடவுளை நினைத்துக் கண்ணை மூடும்போது தோன்றும் உருவத்தில் அவர் கைக்கும் பங்கு உண்டு. பெயர் தெரியாமலேயே இவ்வளவு பேருக்கு நெருக்கமான வேறோர் ஓவியர் தென்னாட்டில் அரிது.

குறைகளும் உண்டு

கொண்டையராஜுவைப் போற்றுவது, அவர் மரபின் குறைகளை மறைப்பதாக ஆகிவிடக் கூடாது. காலண்டர் கடவுளருக்குப் பெரும்பாலும் ஒரே சிவந்த மேனி, ஒரே வடிவான முகம். கரிசல் காட்டு மாடசாமிக்கும் கடலோர அம்மனுக்கும் இருந்த ஊர் முகம் இந்த அச்சு முகத்தின் முன் பின்வாங்கியது. ஒரு படம் நன்றாக விற்றால் அதையே சிறு மாற்றங்களுடன் மீண்டும் கேட்பது சந்தையின் இயல்பு. அந்தக் கேள்விக்குக் கைகள் பழகிவிட்டன. பணிக்கூட வரலாற்றில் நமக்குத் தெரியவரும் பெயர்கள் ஆண்களுடையவை. பல இலட்சம் பிரதிகள் அச்சாகும் படத்துக்கு ஒருமுறை கூலி பெறுவதோடு ஓவியரின் உரிமை முடிந்துவிடுவது அந்தத் தொழிலில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். முதுநிலைக் கல்வி மாணவருக்குக் கற்றுத்தர வேண்டிய கேள்விகள் இவை. கொண்டையராஜுவைப் பாடத்திலிருந்து விலக்கிவிட்டால் இந்தக் கேள்விகளையும் கேட்க முடியாது.

ஓர் ஒப்பீடு உதவும். கொண்டையராஜு பயின்ற அதே சென்னைப் பள்ளியின் முதல்வராகப் பிற்காலத்தில் இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். படித்து முடித்த ஓவியர் பசியின்றி வாழ்வது எப்படி என்ற கேள்வியே அதன் தொடக்கம். பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் தங்கள் ஓவியத்தைச் சுதந்திரமாகத் தீட்டினார்கள் அவர்கள். கோவில்பட்டிக் கூடம் அதே கேள்விக்கு அதற்கு முன்பே வேறொரு விடை கண்டிருந்தது: விற்பனைக்குரிய படத்தையே கலையின் முழுக் கவனத்துடன் தீட்டுவது. ஒரே பள்ளியின் இரண்டு கிளைகள் இவை. நம் கலை வரலாற்றுப் பாடங்கள் முதல் கிளைக்கு நிறையப் பக்கங்களை ஒதுக்குகின்றன. இரண்டாவதற்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது.

கடற்கரைப் பிள்ளைகளின் கேள்வி

இது வெறும் வரலாற்றுக் கணக்கன்று. தமிழக அரசின் கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கி.மீ.; கும்பகோணம் அதில் பாதி. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், வேம்பார் போன்ற கடற்கரை ஊர்களில் பிறந்து ஓவியம் படிக்க விரும்பும் பிள்ளை முதலில் ஊரைவிட்டுப் போக வேண்டும். போகும்போது, தான் வீட்டில் கற்றதையும் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறது. நானும் அப்படித்தான் போனேன்.

கடந்த ஆண்டு ஒரு மாணவி என்னைப் பார்க்க வந்தார். அவருடைய தந்தை தூத்துக்குடித் தோணிகளுக்கு வண்ணமடித்துப் பெயரெழுதுபவர். உப்புக்காற்றிலும் அலையிலும் உரியாத வண்ணப்பூச்சு எது, வளைந்த பலகையில் எழுத்து நேராகத் தெரிய எப்படிச் சாய்த்து எழுத வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிப் பருவத்திலேயே தெரியும். இளநிலை முடித்து முதுநிலைக்கு விண்ணப்பிக்கத் தன் படைப்புகளைத் தொகுத்துக்கொண்டு வந்திருந்தார். அதில் தோணி இல்லை, எழுத்து இல்லை, தந்தையுடன் செய்த எந்த வேலையும் இல்லை. ஏன் என்று கேட்டேன். அதெல்லாம் தொழில், கலையாக ஏற்கமாட்டார்கள் என்று தயங்கிச் சொன்னார். அந்தத் தயக்கத்தை நான் நன்றாக அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வேட்டிலிருந்து ஓர் இயலை நீக்கச் செய்த தயக்கம் அது.

முத்தின் கதையிலிருந்து நாம் ஒன்றையாவது கற்றிருக்க வேண்டும். இந்தக் கரையில் நம் பக்கத்துக் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதன்பின் முத்துப்பார்கள் அப்படிப்பட்ட விளைச்சலைத் தரவில்லை. சலாபம் நின்றதோடு அதன் தொழில் அறிவும், சொற்களும், முறைகளும் முதியவர்களுடன் ஒவ்வொன்றாகப் போயின. காலண்டர் ஓவியத்துக்கும் அதே நிலை வந்துகொண்டிருக்கிறது. மூல ஓவியங்களை யாரும் முறையாகச் சேமிக்காவிட்டால், கரையானுக்கும் ஈரத்துக்கும் போக மிஞ்சுவது அச்சுத் தாள் மட்டுமே. இன்று படங்களைக் கணினி உருவாக்கித் தருகிறது. கையின் கணக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. கோவில்பட்டி மரபின் மூல ஓவியங்களையும் அச்சுப் படங்களையும் ஓரிடத்தில் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். அந்த மரபில் பயின்றவர்களின் நினைவுகளையும் செய்முறைகளையும் ஒலி, ஒளிப் பதிவாக்க வேண்டும். கவின்கலை முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவமாவது பட்டறை ஒன்றில், அச்சகத்திலோ சிற்பக் கூடத்திலோ தோணித் துறையிலோ, பெயரில்லாத உதவியாளராக வேலை செய்து அதற்கு மதிப்பெண் பெறும் வகையில் பாடத்திட்டம் அமைய வேண்டும். அந்தப் பட்டறைக்காரர் மதிப்பீட்டுக் குழுவில் அமர வேண்டும். தென்மாவட்டங்களில் ஒரு கவின்கலைப் பணிக்கூடமாவது அரசு நிறுவ வேண்டும். கல்லூரி கேள்வி கேட்கக் கற்றுத்தரட்டும். பட்டறை செய்து முடிக்கக் கற்றுத்தரட்டும். சென்னைப் பள்ளியில் படித்துவிட்டு நாடகக் கொட்டகைக்குப் போன ஓர் இளைஞரின் வாழ்வில் இரண்டும் சேர்ந்ததால்தான் நமக்கு ஒரு கொண்டையராஜு கிடைத்தார்.

அந்த மாணவியிடம், தோணிப் பலகையில் தந்தையும் அவரும் சேர்ந்து எழுதிய பெயர்களைப் படமெடுத்து, தொகுப்பின் முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். படைத்தவர் பெயரைக் குறிக்கும் இடத்தில் இருவர் பெயரையும் எழுதச் சொன்னேன். அதனால் அவருக்கு இடம் கிடைக்குமா என்று என்னால் உறுதி கூற முடியவில்லை; அதையும் அவரிடம் மறைக்கவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, தந்தையின் பெயரை முதலில் எழுதினார்.